ஹோம்மேட்னா எந்த வீடுங்க?



ஊட்டியில இருந்து கூடலூர் போற ரோட்டுல தலைகுந்தா தாண்டினா ரெண்டு பக்கமும் போர்டுதான். ஹோம்மேட் சாக்லேட், ஹோம்மேட் டீத்தூள், ஹோம்மேட் தைலம். இந்த வரிசையில இப்போ புதுசா சேர்ந்திருக்கறது ஹோம்மேட் பனானா பிரெட். அதைத் தனியா விக்கறதில்ல. வீக்கெண்ட் ட்ரெக்கிங்கோட சேர்த்து விக்கறாங்க. சனிக்கிழமை வந்து தங்கணும், ஞாயிறு விடிகாலையில மலை ஏறணும், எறங்கி வந்ததும் சுடச்சுட ஒரு துண்டு பனானா பிரெட்டும் காபியும். "மலை மக்களோட ஒருநாள், வீட்டு ருசி, யாரும் நடக்காத பாதை" அப்படின்னு விளம்பரம்.

மலை மக்கள், வீடு, பாதை. இந்த மூணையும் விக்கறாங்க. மூணுமே விக்கறவங்களோடது கிடையாது. அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல இந்த பிரெட் விஷயத்தைப் பார்த்துடுவோம்.

பைக்காராவுல வாழை விளையாது. நாங்க 2000 மீட்டருக்கு மேல இருக்கோம். மார்கழி, தை மாசத்துல விடிஞ்சு பார்த்தா புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி கிடக்கும். உருளைக்கிழங்குச் செடியே கருகிப்போற இடத்துல வாழை எங்க நிக்கும்? வாழை வேணும்னா கீழ கல்லாறு, பர்லியாறு பக்கம் போகணும், இல்லைன்னா இதே ரோட்டுல சுமார் 30 கிலோமீட்டர் எறங்கி கூடலூர் போகணும். அங்க நேந்திரன் போடறாங்க. யானைக்கும் காத்துக்கும் தப்பிச்ச தாரைத்தான் அந்த விவசாயி சந்தைக்குக் கொண்டு வர்றார். பேக்கேஜ் ஆளுங்க அவர்கிட்ட வாங்கறாங்களான்னா, அதுவும் இல்ல. மேட்டுப்பாளையம் மண்டியில இருந்து காய்கறி லாரியில வர்ற பழம்தான்.

ஆனா வெளியூர்ப் பழம்ங்கறதுக்காக நான் சண்டை போடல. அப்படிப் போட்டா ஊட்டி வர்க்கியையும் விட்டுடணும். வர்க்கிக்கு ஈஸ்ட் போடறதில்ல. வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா எல்லாம் சேர்த்துப் புளிக்க வெச்ச "மாவா"வைத்தான் சேர்ப்பாங்க. அதாவது இந்த மலையில வாழைப்பழமும் பேக்கரி அடுப்பும் சந்திச்சு ரொம்ப காலமாச்சு. கோதுமையும் எங்களுக்குப் புதுசு இல்ல. வெலிங்டன்ல மத்திய அரசோட கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. சமவெளியில கோதுமை இல்லாத மாசங்கள்லயும் இங்க கோதுமை வளரும், அதோட துருநோயும் வருஷம் பூரா இருக்கும். எந்த ரகம் நோயைத் தாங்குதுன்னு பார்க்க இதைவிட நல்ல இடம் இல்ல.

பனானா பிரெட் பொறந்தது அமெரிக்காவுல. 1930-கள்ல அங்க பெரிய பொருளாதார மந்தம் வந்தப்போ, கறுத்துப்போன பழத்தைக்கூட தூக்கிப்போட மனசு வராத வீட்டுப் பொம்பளைங்க சமையல் சோடா போட்டுச் சுட்ட பலகாரமா ஊரெல்லாம் பரவினது. 2020 ஊரடங்குல உலகம் பூரா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க மறுபடியும் சுட ஆரம்பிச்சாங்க. ஏழை வீட்டுச் சிக்கனத்துல வளர்ந்த பண்டம் அது. எனக்கு அதுமேல மரியாதைதான் இருக்கு.

என் கோபம் "ஹோம்மேட்"ங்கற சொல்லு மேல. எந்த ஹோம்? யாரோட வீடு?

நான் சொல்றேன் கேளுங்க. என் சித்தி மகள், எனக்குத் தங்கச்சி முறை. எங்க வீட்டுக்கு மேல ரெண்டு சந்து தள்ளி குடியிருக்கு. இங்க பக்கத்துல ஒரு தங்கும் விடுதிக்கு அதுதான் பனானா பிரெட் சுட்டுக் கொடுக்குது. மலையில கேக் சுடறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. இந்த உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும். பருப்பு குக்கர் இல்லாம வேகாது, அது எல்லாருக்கும் தெரியும். கேக் கதை அதுக்கு நேர் எதிர். காத்தோட அழுத்தம் கம்மியா இருக்கறதால மாவு சட்டுனு பொங்கி எழும்பி, உள்ள வேகறதுக்கு முன்னாடியே நடுவுல குழி விழுந்துடும். கீழ்நாட்டுக்காரங்க எழுதின அளவுப்படி போட்டா பாறாங்கல்லுதான் கிடைக்கும். சோடாவைக் குறைக்கணும், சர்க்கரையைக் கொஞ்சம் பிடிக்கணும், அடுப்புச் சூட்டை ஏத்தணும். இதை யாரும் அதுக்குச் சொல்லித் தரல. எட்டு, பத்து கேக்கை வீணாக்கி, வீட்ல திட்டு வாங்கி, அதுவாவே கத்துக்கிச்சு.

முட்டை, வெண்ணெய், மைதா, பழம், கேஸ் எல்லாம் தங்கச்சி செலவு. ஒரு முழு பிரெட்டுக்கு விடுதிக்காரர் கொடுக்கறது 250 ரூபா. அதைப் பத்துத் துண்டு போட்டு, துண்டு 120 ரூபான்னு விக்கறார். 1200 ரூபா ஆச்சா? சரி, வியாபாரம், இடம், வாடகை, கரன்ட், எல்லாம் இருக்கு, லாபம் வெச்சுக்கட்டும். ஆனா மெனு கார்டுல என்ன போட்டிருக்கு தெரியுமா? "எங்க பாட்டியின் கைப்பக்குவம்." ஓனர் வெளியூர்க்காரர். அவங்க பாட்டி இந்த மலையைக் கண்ணால பார்த்திருப்பாங்களான்னுகூட தெரியாது. அடுப்படியில நிக்கறது என் தங்கச்சி, பேரு அவங்க பாட்டிக்கு!

"பேருல என்ன இருக்கு, காசு வந்தா சரி"ன்னு சிலர் சொல்லுவீங்க. பேருலதான் காசே இருக்கு. நாளைக்கு 250 பத்தாது, 350 கொடுங்கன்னு தங்கச்சி கேட்டா, வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவார். சாப்பிட்டவங்க யாருக்கும் இதைச் சுட்டது யாருன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா, போகும்போது ரெண்டு பிரெட் நேரா வீட்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க இல்ல? அந்தக் கதவை அடைக்கத்தான் பாட்டி கதை.

வீட்ல சுட்டு விக்கறவங்களுக்கு அரசாங்கம் வழி வெச்சிருக்கு. சின்ன அளவுல வியாபாரம் பண்றவங்க வருஷம் 100 ரூபா கட்டி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்துக்கலாம். பொட்டலம் போட்டு விக்கற தின்பண்டத்துல அதைத் தயாரிச்சவங்க பேரும் விலாசமும் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அப்போ "ஹோம்மேட்"னு மட்டும் அடிச்சு, எந்த வீடுன்னு போடாத டப்பா என்ன டப்பா? அதை யாராவது யோசிச்சோமா?

இப்போ மலை ஏறறதுக்கு வருவோம்.

எங்க தம்பி மகன் பன்னெண்டாவது முடிச்சிருக்கான். வேற ஒரு இடத்துல "ட்ரெக்கிங் கைடு" வேலை. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மேல போகணும். தலைக்கு 1500 ரூபா வாங்கறாங்க. பத்துப் பேரு போனா 15,000. பையனுக்கு நாளைக்கு 400 ரூபா. அடையாள அட்டை கிடையாது, பயிற்சி கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. கையில ஒரு குச்சி, முதுகுல எல்லாருக்கும் சேர்த்து தண்ணி.

அவங்க சொல்ற "யாரும் நடக்காத பாதை" எங்க போகுது? பாதி தூரம் எங்க காட்டு வழியா போகுது, மீதி ரிசர்வ் ஃபாரஸ்ட்ல. காடுன்னா நாங்க சொல்றது விவசாயக் காடு. ஒருநாள் காலையில என் கேரட் பாத்தியில எட்டுப் பேரு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. முளைச்சு மூணு வாரம் ஆன கேரட், பார்க்கப் புல்லு மாதிரிதான் இருக்கும், அவங்களுக்குத் தெரியல. "பாப்பா, அது கேரட்டும்மா, கொஞ்சம் எறங்கி நில்லுங்க"ன்னேன். அந்தப் பொண்ணு பதறிப்போய் எறங்கிச்சு. "சாரி அங்கிள், இது பிரைவேட் டிரெயில்னு சொன்னாங்களே"ன்னு கேட்டுச்சு. அந்தப் புள்ள மேல என்ன தப்பு? என் நிலத்தை அவங்களுக்கு யாரோ 1500 ரூபாய்க்கு வித்திருக்காங்க. பிரைவேட்டுதான், ஆனா அந்த பிரைவேட் நான். விதை என்ன விலைன்னு கேரட் போடறவங்களுக்குத் தெரியும். மிதிபட்ட ரெண்டு பாத்திக்கு யார்கிட்ட போய் கேக்கறது?

பாத்தி போனா போகட்டும், அடுத்த போகம் பார்த்துக்கலாம். உயிர் போனா?

2018 மார்ச் 11-ஆம் தேதியை நம்ம மறந்துட்டோம்னு நினைக்கிறேன். தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்தும் வார விடுமுறைக்கு மலையேற வந்த பிள்ளைங்க. எறங்கற வழியில காட்டுத் தீ சுத்தி வளைச்சிடுச்சு. 23 பேரு போய்ட்டாங்க. காய்ஞ்ச போதைப்புல்லுல தீ பிடிச்சா, காத்து அடிக்கற பக்கம் மனுஷன் ஓடி ஜெயிக்க முடியாது. அதுக்கு அப்புறம்தான் அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குன்னு தனி விதிமுறையே போட்டுச்சு. வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போகக் கூடாது.

நம்ம பக்கமும் மாசி, பங்குனியில அதே மாதிரி காய்ஞ்ச புல்லுதான், அதே காத்துதான். பத்தாததுக்கு, பழைய புல்வெளியில எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வெச்ச சீகையும் கற்பூர மரமும் பைனும். கற்பூர மரத்து எலையில எண்ணெய். ஒரு பீடித்துண்டு போதும். புலி, கரடி, காட்டெருமை நடமாட்டம் வேற. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் மேல கேஸ் வரும்? முன்னாடி நடந்து போனவன் மேலதான். அன்னைக்கு ஓனர் போன் எடுக்க மாட்டார். "அந்தப் பையன் அவனா கூட்டிக்கிட்டுப் போனான்"னு சொல்லிட்டா முடிஞ்சது. 400 ரூபா சம்பளத்துக்கு இவன் சுமக்கறது தண்ணி பாட்டில் மட்டும் இல்ல, பத்து உயிரோட பொறுப்பு.

அப்போ மலை ஏறவே கூடாதான்னு கேப்பீங்க. தாராளமா ஏறுங்க. 2024 அக்டோபர்ல அரசாங்கமே "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு ஆரம்பிச்சிருக்கு. 14 மாவட்டத்துல 40 பாதை. நம்ம மாவட்டத்துலயே கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை, ஊசிமலைன்னு சின்னதும் பெருசுமா இருக்கு. முன்பதிவு பண்ணிட்டுத்தான் போகணும். கூட வர்றவங்க பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரங்க, பழங்குடி மக்கள். தீ பிடிக்கற காலத்துல மூடி வெச்சிடுவாங்க. அதுல குறையே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா கூட நடக்கறவன் பேரு ஒரு பதிவுல இருக்கு. எங்க தம்பி மகன் பேரு எந்தப் பதிவுலயும் இல்ல.

இதுல இன்னொரு வருத்தமும் இருக்கு. எங்க ஆறு முக்குருத்தி பக்கம் பொறந்து வர்றது. தோடர் மக்களுக்கு அது சாமி ஆறு. அவங்க எருமை மேய்ஞ்ச புல்வெளிதான் இந்த மலையோட உண்மையான முகம். மழையைக் குடிச்சு வெச்சு, கோடையில கொஞ்சம் கொஞ்சமா விடறது அந்தப் புல்லும் சோலையும்தான். வர்றவங்க பைன் மரத்துக்கு நடுவுல நின்னு "நேச்சர்"னு போட்டோ எடுத்துட்டு, ஒன்பதாவது மைல் புல்வெளியை "காலி மேடு"ன்னு நினைச்சு சறுக்கி விளையாடிட்டுப் போறாங்க. கூட வர்ற உள்ளூர்ப் பையன் இதைச் சொல்லலாம். சொல்ல விடறதில்ல. "பேசாம முன்னாடி நட"ன்னுதான் அவனுக்கு உத்தரவு.

குப்பையையும் சொல்லிடறேன். ஒருதடவை உபயோகிச்சுத் தூக்கிப்போடற பிளாஸ்டிக்கை ரொம்ப காலம் முன்னாடியே தடை பண்ண மாவட்டம் இது. 2019-ல இருந்து சின்ன தண்ணி பாட்டிலும் கூடாது. ஆனா அந்த 1200 ரூபா பிரெட்டைச் சுத்தி வர்ற கிளிங் ஃபிலிம் பாதை ஓரத்துல கிடக்குது. "பழத்தோல்தானே, மக்கிடும்"னு வீசிட்டுப் போறாங்க. எங்க குளிருல அது லேசுல மக்காது. அதுக்கு முன்னாடி கொரங்கு வரும், காட்டெருமை வரும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி பேக்கரிக் கதவை உடைக்கற அளவுக்கு வந்தாச்சு. இனிப்பு ருசி பழகின கரடிக்கு டூரிஸ்ட் யாரு, டீ பறிக்கப் போற அம்மா யாருன்னு தெரியாது. ஞாயிறு சாயந்தரம் அவங்க கார் ஏறிடுவாங்க. திங்கக்கிழமை காலையில அந்தப் பாதையில போறது எங்க பொம்பளைங்கதான்.

"சுற்றுலா இல்லைன்னா நீலகிரி சோறு திங்குமா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்விதான். டீத்தூளுக்கு விலை இல்ல, கேரட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் என்ன விலைன்னு யாருக்கும் தெரியாது. டூரிஸ்ட் வரணும், வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் வசதியான ஆள் இல்ல. 2024 மே மாசம் ஹைகோர்ட்டு இ-பாஸ் கொண்டு வந்துச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து சாதா நாள்ல 6000 வண்டி, வாரக் கடைசியில 8000 வண்டின்னு அளவும் வெச்சாங்க. நல்லதுதான். வண்டியை எண்ணியாச்சு. அந்த வண்டியில வந்த காசு யார் கைக்குப் போச்சுன்னு யாரும் எண்ணல.

எங்க அப்பா இங்க வந்தது மின்வாரிய வேலைக்கு. 1932-லயே பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. கோயம்புத்தூர் மில்லுங்க பெருகினதே இந்தக் கரன்ட்டாலதான். அன்னைக்கும் மலை கொடுத்தது கீழதான் போச்சு. ஆனா அணைக்கட்டுல மண்ணு சுமந்த ஆளுக்குக்கூட மஸ்டர் ரோல்ல ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரை வெச்சுத்தான் எங்க அப்பா கூலியைக் கேட்டார், அடிபட்டப்போ வைத்தியத்தைக் கேட்டார், கடைசியில பென்ஷனையும் கேட்டார். இன்னைக்கு வர்ற காசு அன்னைக்கு விடப் பல மடங்கு. பேரு மட்டும் காணோம்.

அதனால சொல்றேன்.

வர்ற சொந்தங்களே, பனானா பிரெட் தட்டுல வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதைச் சுட்டது யாருங்க? பார்க்கலாமா?" பேரு சொன்னாங்கன்னா சந்தோஷமா சாப்பிடுங்க. முழிச்சாங்கன்னா புரிஞ்சுக்கங்க. மலை ஏறக் கூப்பிட்டா வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. இல்லைன்னா போகாதீங்க, உங்க வீட்ல உங்களுக்காக ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. கொண்டு வந்த குப்பையைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க, பழத்தோல் உள்பட.

விடுதி நடத்தறவங்களே, லாபம் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. டப்பாவுல சுட்டவங்க பேரைப் போடுங்க. பையனை அனுப்பறதுக்கு முன்னாடி அனுமதியும் இன்சூரன்ஸும் எடுங்க. எங்க பாத்தி வழியா போகணும்னா எங்ககிட்ட வந்து கேளுங்க. வரப்பு ஓரமா வழி விட்டுத் தர்றோம். கேக்காம விக்கறதுக்கு வேற பேரு இருக்கு, அதை இங்க எழுத வேண்டாம்.

எங்க ஊருப் பொம்பளைங்க, பிள்ளைங்க கிட்டயும் ஒண்ணு சொல்லணும். அந்த 100 ரூபா பதிவு உங்க பேருல இருக்கட்டும், விடுதி பேருல எடுத்துத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நாலு வீடு சேர்ந்து ஒரே விலை சொல்லுங்க. தனியா போய்க் கேட்டா "வேற ஆள் பார்த்துக்கறேன்"னுதான் பதில் வரும். நாலு பேரும் ஒரே விலை சொன்னா, வேற ஆளுக்கு அவர் கூடலூர் எறங்கித்தான் தேடணும்.